வாய்தாம்மா

“சேராதே. அவ்வளவுதான். இதுக்கு மேல என்ன சொல்லணும்?”

அக்கா இதைச் சொன்னபோது அவள் வாயில் இரண்டு ஹேர்பின்கள் இருந்தன. அதனால் அது ‘ஷேராதே’ என்றுதான் என் காதில் விழுந்தது.

“காரணம் சொல்லு” என்றேன்.

“காரணமா? இதோ உன் முன்னாடி நிக்குது பாரு, அஞ்சடி உயரத்துல. இன்னும் என்ன காரணம் வேணும்?”

பின்களைத் தலையில் குத்திக்கொண்டு, கறுப்புக் கோட்டை மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டாள். கோட்டை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போனால் பஸ்ஸில் கசங்கிவிடும். கசங்கினால் மறுபடி தேய்க்க வேண்டும். வக்கீல் வேலையில் அவள் தினமும் தவறாமல் செய்வது அது ஒன்றுதான் என்று அப்பா கிண்டல் செய்வார்.

விஷயம் இதுதான். எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. போனில் கல்லூரியின் இணையப் பக்கம் இரண்டு நாளாகத் திறந்தே கிடக்கிறது. அதில் மூன்று பொத்தான்கள். பச்சையில் ‘சேர்கிறேன்’. சிவப்பில் ‘சேரவில்லை’. நடுவில் மஞ்சளில் ‘அவகாசம் வேண்டும்’. மஞ்சளை அமுக்கினால் இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அர்த்தம். இன்று சாயங்காலம் கல்லூரி ஆபீஸ் மூடுவதற்குள் எதையாவது ஒன்றை அமுக்கியாக வேண்டும். இல்லையென்றால் இடம் வரிசையில் அடுத்து நிற்கிற யாருக்கோ போய்விடும்.

அம்மா மஞ்சள் கட்சி. அவள் ஒரு மருந்துக் கடையில் கேஷியர். அங்கே பில் போட ஆள் தேவையாம், நான் திங்கட்கிழமையே சேரலாமாம். “ஒரு வருஷம் பில்லிங் பாரு. ஏசி. உக்காந்த வேலை. அதுக்குள்ள உனக்கே புத்தி தெளிஞ்சிடும்” என்பது அம்மாவின் வாதம். அக்கா வக்கீல் என்று கடையில் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாளாம். அன்றைக்குப் பிடித்தது சனி. மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லாம் பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். “அதுல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, உங்க பொண்ணையே வக்கீலா வெச்சுக்கிறேன்னு சொன்னாங்களா?” என்பாள் அம்மா.

அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர் எந்தக் கட்சியும் இல்லை. “ஒரு வீட்டுக்கு ஒரு வக்கீல் போதும்மா. ரெண்டு ஃபிரிட்ஜ் வாங்கி வெச்சா மட்டும் உள்ள வைக்க சாமான் வந்துடுமா?” என்று சொல்லிவிட்டு, “இருந்தாலும் உங்க அக்கா என்ன சொல்றாளோ அதுதான்” என்று தீர்ப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்.

நானோ பச்சை. பேசத் தெரிந்த நாளிலிருந்தே பச்சை. எங்கள் வீட்டில் எனக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். தட்டில் என்ன விழுந்தாலும் ஏன் என்று கேட்பேனாம். பஸ்ஸில் மீதிச் சில்லறை தராத கண்டக்டரிடம் நான் சண்டை போட்டதில் பஸ்ஸே பாதி வழியில் நின்றிருக்கிறது. இப்படிப்பட்டவள் பில் போட உட்கார்ந்தால் கடைக்குத்தான் ஆபத்து.

“சரி, ஒண்ணு பண்ணு” என்றாள் அக்கா, கோட்டுக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு. “இன்னைக்கு ஒரு நாள் என்கூட வா. கோர்ட்டுல உக்காந்து பாரு. பார்த்துட்டு அப்புறம் எதை வேணா அமுக்கு. நான் கேக்கவே மாட்டேன்.”

எனக்கு அவ்வளவுதான் வேண்டும். அவள் செருப்பு மாட்டுவதற்குள் நான் தெருவில் நின்றேன்.

*

பஸ்ஸில் அக்கா மடியில் ஒரு காகிதக் கட்டை வைத்துக்கொண்டாள். அவளுடைய சீனியர் வைத்திருக்கிற ஏகப்பட்ட வழக்குகளில் ஒன்று.

சீனியரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று கோர்ட்டில் மூன்று வழக்கு வைத்திருப்பார். இரண்டுக்கு அவரால் போக முடியாது. அந்த இரண்டுக்கும் அக்கா போவாள். போய் எழுந்து நின்று, “சீனியர் வேற கோர்ட்டுல இருக்காங்க ஐயா, வாய்தா வேணும்” என்பாள். நீதிபதி வேறொரு தேதி கொடுப்பார். அக்கா அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கோர்ட்டுக்கு ஓடுவாள். படித்து முடித்து வந்த நாலு வருடமாக அவள் கோர்ட்டில் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

கல்லூரியில் வாதப் போட்டி என்றால் கோப்பை அவளுக்குத்தான். ‘சிறந்த பேச்சாளர்’ என்று பொறித்த அந்தக் கோப்பையில் அப்பா இப்போது ஸ்க்ரூடிரைவர் போட்டு வைத்திருக்கிறார்.

வாய்தா எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. துணி மடிக்கச் சொன்னால் வாய்தா. ஊர் ஃபிரிட்ஜையெல்லாம் சரி பண்ணுகிற அப்பா எங்கள் ஃபிரிட்ஜின் கதவை மட்டும் சரி பண்ணாததற்கும் வாய்தா. காலையில் அலாரம் அடித்தால் அக்கா கண்ணைத் திறக்காமல், “வாய்தா வேணும் ஐயா” என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுப்பாள். முதலில் சிரித்தோம். அப்புறம் யாரும் சிரிப்பதில்லை.

“இது என்ன கேஸு?” என்றேன், அவள் மடியைப் பார்த்து.

“தையல் கடை. அந்தம்மா வாடகைக்குக் கடை வெச்சிருக்காங்க. கட்டட ஓனர் ஒரு நாள் ராத்திரியோட ராத்திரியா கடையைப் பூட்டிட்டார். மெஷினு, கஸ்டமர் குடுத்த துணி, எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த துணி உள்பட. அந்தக் கல்யாணம் முடிஞ்சு, அவங்களுக்குக் குழந்தையே பொறந்தாச்சு.”

“அடப்பாவமே.”

“பூட்டறதுக்கு அவருக்கு உரிமையே கிடையாது, தெரியுமா? காலி பண்ணச் சொல்லணும்னா அவர்தான் கோர்ட்டுக்கு வரணும். தானே பூட்டுப் போட முடியாது. இங்க பாரு...” கட்டைப் பிரித்தாள். விரல் வரிகளின் மேல் ஓடியது. குரல் ஏறியது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். காலையில் வாயில் பின்னோடு பேசியவளுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை.

“அப்ப நீயே பேசு!”

“இன்னைக்குப் பேசப் போறேன்” என்றாள் மெதுவாக. யாரும் கேட்டுவிடுவார்களோ என்பதுபோல. “ஓனரோட வக்கீல் ஒவ்வொரு தடவையும் வர்றதே இல்லை. ‘இன்னைக்கும் வரலைன்னா உத்தரவு கேட்டுடும்மா, ரெண்டு வரிதான்’னு சீனியர் சொல்லிட்டார். முதல் தடவையா சொல்லியிருக்கார்.”

“ரெண்டு வரி என்ன?”

“‘எதிர்தரப்பு இன்னைக்கும் வரலை ஐயா. கடையைத் திறந்துவிட உத்தரவு வேணும்.’”

அதை இறங்கும் இடம் வரைக்கும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

*

கோர்ட் வாசலில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டாள். கோட்டைப் போட்டாள். பக்கத்தில் ஒரு பெரிய குடை, அதன் கீழே ஒரு மடக்கு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். உறுதிமொழிப் பத்திரம் அடித்துத் தருகிறவர் உட்கார்ந்திருந்தார்.

“யாரு, தங்கச்சியா?” என்றார்.

“ஆமாம். எதிர்க்கட்சி” என்றாள் அக்கா. என்னிடம், “இவன்தான் கோல்டு மெடல்” என்றாள்.

அக்காவின் வகுப்பில் முதல் ஆளாகத் தேறி மெடல் வாங்கியவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தக் குடைக்குக் கீழே எதிர்பார்க்கவில்லை.

“ஆச்சரியமா இருக்கா?” என்றார் அவர். “இந்த மூலைதான் இங்க நல்ல இடம். எங்க கிளாஸ்ல ஒருத்தன் போன் விக்கிறான். ஒருத்தி சின்னப் பசங்களுக்குக் கணக்கு டியூஷன். ஒருத்தன் டாக்ஸி ஓட்டறான், பின்சீட்டுல கோட்டு மாட்டி வெச்சிருப்பான். போலீஸ் நிறுத்தினா மட்டும் எடுத்துப் போட்டுக்குவான். படிப்பு வீணாகலை பாரு.”

“சீரியஸா சொல்லுங்கண்ணா. சேரலாமா?”

“சேரு. காலேஜ் சூப்பரா இருக்கும். அந்தச் சந்தோஷம் வேற எங்கயும் கிடைக்காது. ஆனா முடிக்காத. முடிச்சாத்தான் பிரச்சனை.”

அக்கா அவர் தோளில் காகிதக் கட்டால் ஒன்று வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே பிரின்டரைத் தட்டினார். அது காகிதத்தை மென்றுவிட்டிருந்தது.

*

கோர்ட் ஹால் எங்கள் பள்ளிக்கூட ஆய்வகம் மாதிரிதான் இருந்தது. உயரமான ஜன்னல், அழுக்குக் கண்ணாடி, நீள பெஞ்சுகள். ஒரு மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுத்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள், கையில் துணிப் பை. கழுத்தில் இன்ச் டேப். கடை பூட்டிக் கிடந்தாலும் டேப்பைக் கழற்ற மறந்துவிட்டார்போல. தையல் கடை அம்மாதான் அது.

“வாய்தாம்மா வந்தாச்சா?” என்றார் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து கட்டுகளை எடுத்துக் கொடுக்கிற கிளார்க்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

“வந்துட்டேன் சார்” என்று கையைத் தூக்கினாள் அக்கா.

அதில் அவர் கேலி எதுவும் வைத்திருக்கவில்லை. அது அவளுடைய பெயர், அவ்வளவுதான். அவளும் தன் பெயருக்குத் திரும்புவதுபோலத்தான் திரும்பினாள். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது.

நீதிபதி வந்தார். அவருக்குச் சளி. மேஜையில் ஒரு பிளாஸ்க், நிமிஷத்துக்கு ஒரு வாய் வெந்நீர். ஒரு வழக்கைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தாள். “சீனியர் வேற கோர்ட்டுல இருக்காங்க ஐயா, வாய்தா வேணும்.” தேதி. உட்கார்ந்தாள். யார் யாருடைய வழக்கோ போயிற்று. மறுபடி எழுந்தாள். “சீனியர் வேற கோர்ட்டுல இருக்காங்க ஐயா, வாய்தா வேணும்.” தேதி. ராகம்கூட மாறவில்லை. மூன்றாவது தடவை அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நீதிபதி தேதியை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கோர்ட்டில் இவ்வளவு நேரம் ஒன்றும் நடக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவர் கட்டைத் தேடினார். ஒருவர் சாட்சியைத் தேடினார். சாட்சி டீ குடிக்கப் போயிருந்தார். எனக்கே கண் சொக்கியது. அக்கா உட்கார்ந்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வரி.

தையல் கடை வழக்கைக் கூப்பிட்டார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் நிமிர்ந்தார்.

நீதிபதி எதிர்ப்பக்கம் பார்த்தார். நாற்காலி காலி. “இன்னைக்கும் வரலையா?” பழைய தாள்களைத் திருப்பினார். மூக்கை உறிஞ்சினார். “ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். சரி, மனுதாரர் தரப்புல என்ன சொல்றீங்க?”

அக்கா எழுந்தாள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சீனியர் வேற கோர்ட்டுல இருக்காங்க ஐயா, வாய்தா வேணும்.”

அந்த மின்விசிறிச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

“உங்களுக்கா?” என்றார் நீதிபதி.

யாரோ சிரித்தார்கள். அக்கா அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள். என்ன சொன்னோம் என்பது அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நீதிபதி தோளைக் குலுக்கிவிட்டு ஒரு தேதியை எழுதினார். ரொம்பத் தள்ளி இருந்த தேதி. “ஐயா... இல்ல ஐயா...” என்று அவள் ஆரம்பிப்பதற்குள் கிளார்க் அடுத்த கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். அடுத்த வழக்கின் வக்கீல்கள் இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள். அவர்களுக்கு நடுவில் அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வழிவிட்டாள்.

*

வராந்தாவில் சுவரோரமாக நின்று சீனியருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் அவர் குரல் கணீரென்று எனக்குக் கேட்டது.

“அட, விடும்மா. மனசுல போட்டுக்காத. அடுத்த வாய்தாவுல நானே வர்றேன்.”

“சார், இன்னைக்கே திரும்பப் போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா? மதிய இடைவேளைக்கு முன்னாடி...”

“வேணாம், வேணாம். ஜூனியர் உளறிட்டாங்கன்னு நாமளே போய் மைக் வெச்சுச் சொல்லணுமா? கட்சிக்காரங்ககிட்ட சொல்லு, எதிர்தரப்புக்கு ஒரு சந்தர்ப்பம் குடுத்திருக்கோம், அதுதான் நமக்கு நல்லதுன்னு. கேட்டுக்குவாங்க. வெச்சிடறேன், இங்க என்னைக் கூப்பிடறாங்க.”

தையல் கடை அம்மா எதிரே வந்து நின்றார். கோபத்தைவிடக் குழப்பம்தான் முகத்தில் இருந்தது.

“ஏன்மா, எனக்கு ஒண்ணு புரியலை. வாய்தா வேணும்னா அவங்க வக்கீல்தானே வாங்கணும்? அவங்களுக்கு நாம ஏம்மா வாங்கிக் குடுத்தோம்?”

எனக்குத் தெரியும், அக்கா சீனியர் சொன்னதைச் சொல்லிவிடலாம். சந்தர்ப்பம், தந்திரம், நல்லது. அந்த அம்மாள் நம்பத் தயாராக நின்றார். நான்கூட மனதுக்குள், சொல்லித் தொலை, போகலாம் என்றுதான் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

“தப்பு பண்ணிட்டேன்மா” என்றாள் அக்கா. “வேற எதுவும் இல்லை. உத்தரவு கேக்கத்தான் எழுந்திரிச்சேன். வாய் பழகிப்போச்சு. வாய்தான்னு வந்துடுச்சு.”

அந்த அம்மாள் அவளையே பார்த்தார். இன்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார்.

“எனக்கும் ஒரு தடவை வந்திருக்கு” என்றார் கடைசியில். “கால்சட்டைக்கு அளவெடுத்துட்டுப் பாவாடையை வெட்டி வெச்சேன். ஆனா நான் வேற துணி வாங்கித் தெச்சுக் குடுத்தேன். நீங்க என்னம்மா பண்ணப் போறீங்க?”

அக்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

*

இடைவேளைக்கு முன்னால் ஹால் பாதி காலி. நீதிபதி பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தார். அக்கா முன்னால் போய் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

“என்னம்மா? எல்லாத்துக்கும்தான் தேதி குடுத்தாச்சே” என்றார் கிளார்க்.

“ஐயா, தையல் கடை வழக்குல நான் வாய்தா கேட்டது தப்பு. வேணும்னு கேக்கலை. பழக்கத்துல வந்துடுச்சு.” குரல் நடுங்கியது. “தப்பு என்னுது. கட்சிக்காரங்க கடை இன்னைக்கு வரைக்கும் பூட்டித்தான் கிடக்கு. எதிர்தரப்பு ஒரு தடவைகூட வரலை. காலையில கேட்டிருக்க வேண்டியதை இப்போ கேக்கிறேன். கடையைத் திறந்துவிட உத்தரவு வேணும் ஐயா.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை வருஷமா வர்றீங்க. அந்த ஒரு வரியைத் தவிர நீங்க வேற எதுவும் பேசி நான் கேட்டதில்லை.”

“ஆமாங்கையா.”

“எழுதின தேதியை அழிச்சிட்டு இன்னைக்கே உத்தரவு போட முடியாது. நாளைக்கு அந்தப் பக்கம் வந்து, வாய்தா குடுத்துட்டு முதுகுக்குப் பின்னாடி உத்தரவு போட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க. சொன்னா அது நியாயம்தான்.” தும்மினார். “தேதியை முன்னாடி கொண்டு வர்றேன். வெள்ளிக்கிழமை. அவங்களுக்கும் சொல்லி அனுப்பறேன். வந்தாலும் வராட்டாலும் அன்னைக்கு முடிச்சிடுவோம். வாதம் யாரு, உங்க சீனியரா?”

அக்கா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நான்தான் ஐயா.”

“அன்னைக்கு அந்த வார்த்தை என் காதுல விழக் கூடாது.”

“விழாது ஐயா.”

அவ்வளவுதான். கைதட்டல் எல்லாம் இல்லை. நீதிபதி மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்து போனார். கிளார்க், “வெள்ளிக்கிழமை வாம்மா” என்றார். ‘வாய்தாம்மா’ என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்தினாரா, வெறும் ‘வாம்மா’தானா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

தையல் கடை அம்மா நன்றி சொல்லவில்லை. “வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமைதானே?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

*

திரும்பி வரும் பஸ்ஸில் சீனியர் கூப்பிட்டார். அதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. அக்கா, “ஆமா சார்... தெரியும் சார்... சரி சார்” என்று மட்டும் சொன்னாள். போனைப் பையில் போட்டாள்.

“என்ன சொன்னார்?”

“வெள்ளிக்கிழமை அந்த கேஸை முடிச்சிட்டு வந்து பாருன்னார். பேசணுமாம்.”

“நல்லதுதானே? பாராட்டுவாரோ என்னவோ.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்னப் பிள்ளை ஆகிவிட்டேன். “‘பேசணும்’னா போகச் சொல்றதுன்னு அர்த்தம். எனக்கு முன்னாடி இருந்த ஜூனியருக்கு, சீனியர் சொல்லி, அந்தப் ‘பேசணும்’ போனை நான்தான் பண்ணினேன்.”

“அப்ப வேலை?”

“வேலையா? அதை இத்தனை நாள் நீங்கதான் வேலைன்னு சொல்லிட்டிருந்தீங்க.” ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். குதிகாலில் கொப்புளம். “வேற சீனியர் தேடணும். எல்லாரும் இவரை மாதிரிதான் இருப்பாங்க. இல்லைன்னா கோல்டு மெடல்கிட்ட சொல்லிக் குடையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லணும்.”

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. என்னால் எப்போதும் முடியாது.

“ஆனா நீ இன்னைக்குப் பேசினியே அக்கா. எழுந்து நின்னு பேசினியே. நான் பார்த்தேன்ல. உனக்கு எப்படி இருந்துச்சு?”

“கால் நடுங்குச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? நல்லாத்தான் இருந்துச்சு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அதை வெச்சு நீ ஒண்ணும் முடிவு பண்ணாத. இந்த மாதிரி ஒரு நாள் வர்றதுக்கு எனக்கு இவ்வளவு வருஷம் ஆச்சு. அதுவும் நானே பண்ணின தப்பைத் திருத்தறதுக்கு. மிச்ச நாளெல்லாம் எப்படி இருக்கும்னு காலையில பார்த்தியே, அதுதான் மிச்ச நாள். உனக்குத் தூக்கம் வந்துச்சு, நான் பார்த்தேன்.”

“வந்துச்சு” என்று ஒத்துக்கொண்டேன். “ஆனா நான் உன்னை மாதிரி...”

“என்னை மாதிரி இருக்க மாட்டேன்னு சொல்லப் போறே. நானும் யாரையோ பார்த்து அதைச் சொன்னவதான்.”

எதிர்க்கட்சியிடம் பதில் இல்லாதது எங்கள் வீட்டு வரலாற்றில் முதல் தடவை. போனை எடுத்தேன். மூன்று பொத்தானும் அப்படியே இருந்தன. பச்சையைப் பார்த்தால் அந்தக் காலி நாற்காலியும், கொப்புளமும், குடையும் தெரிந்தன. சிவப்பைப் பார்த்தால், “காலையில கேட்டிருக்க வேண்டியதை இப்போ கேக்கிறேன்” என்ற அந்த நடுங்கின குரல் கேட்டது. மஞ்சள்தான் நல்ல பிள்ளை மாதிரி நடுவில் இருந்தது. ஒரு வருடம். ஏசி. அம்மாவுக்கும் சந்தோஷம். அதற்குள் வெள்ளிக்கிழமையும் முடிந்துவிடும், அக்காவுக்கும் ஏதாவது வழி பிறந்திருக்கும், எனக்கும் தெளிவாகிவிடும். கட்டைவிரல் தானாக அங்கே போனது.

படாரென்று கையில் ஒரு அடி.

“அதைத் தொடாதே!”

பஸ்ஸில் நாலு பேர் திரும்பினார்கள்.

“பச்சையை அமுக்கு, இல்லை சிவப்பை அமுக்கு. உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை சொல்லலை” என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்திக்கொண்டு. “ஆனா வாய்தா மட்டும் வாங்காத. முதல் தடவை வாங்கறது சுலபமா இருக்கும்டி. அப்புறம் வாய் தானா கேக்கும்.”

“காலையில சேராதேன்னு சொன்னியே?”

“காலையில சொன்னேன்.”

“இப்போ?”

“இப்போ எனக்குத் தூக்கம் வருது.”

சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தாள். கோட்டைக் கழற்றி மடிக்கவில்லை. கசங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கியே போய்விட்டாள். உதடு லேசாக அசைகிறது. காதை வைத்துக் கேட்டுப் பார்த்தேன், என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. பழைய வரியாகவும் இருக்கலாம், வெள்ளிக்கிழமைக்கான வரியாகவும் இருக்கலாம்.

ஒரு கை அவள் தலைக்குக் கீழே மாட்டிக்கொண்டதால் இதையெல்லாம் போனில் ஒரு கட்டைவிரலால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். கல்லூரி ஆபீஸ் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. மஞ்சள் இனி கணக்கில் இல்லை, அதை நான் விட்டுவிட்டேன். பச்சை, சிவப்பு, இரண்டுதான் மிச்சம். எல்லாவற்றையும் என்கூடவே உட்கார்ந்து பார்த்தீர்களே, சீக்கிரம் சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் எதை அமுக்குவீர்கள்?